அவர்கள் விரும்பியா இழக்கிறார்கள்?

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் மைக் ஜான்சன், 2025 மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் அளித்த தொலைக்காட்சிப் பேட்டிகளில் ஒரு வாதத்தைத் திரும்பத் திரும்ப வைத்தார். ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டில் வேலை நிபந்தனையைப் புகுத்தினால் 48 லட்சம் பேர் காப்பீடு இல்லாமல் போவார்களாமே என்று கேட்டார்கள். அவர்களாக விரும்பினாலொழிய யாரும் இழக்கப்போவதில்லை என்றார். உடம்பில் தெம்பிருந்தும் வேலைக்குப் போகாதவர்கள் அமைப்பை ஏமாற்றுகிறார்கள், மாதம் 80 மணி நேரம் வேலையோ படிப்போ தொண்டோ செய்யச் சொல்வதில் ஓர் அறம் இருக்கிறது என்றும் சொன்னார். நாள் முழுக்க வீடியோ கேம் ஆடிக்கொண்டிருக்கும் இளைஞர்களுக்கு உழைப்பின் கௌரவத்தைத் திருப்பித் தரப்போவதாக அதே ஆண்டின் தொடக்கத்திலேயே அவர் பேசியிருந்தார்.

மேடைப் பேச்சு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. எந்த மசோதா ஓட்டெடுப்புக்கு வரும், எது வராது என்று முடிவு செய்பவர் சபாநாயகர். மே 22 அன்று 215-க்கு 214 என்று ஒற்றை ஓட்டு வித்தியாசத்தில் இந்த நிபந்தனையையும் வரிச்சலுகைகளையும் ஒன்றாகக் கட்டிய மசோதாவைத் தன் சபையில் கரைசேர்த்தவர் ஜான்சன்தான். செனட்டில் ஓட்டு சமமாகி, துணை அதிபர் ஜே.டி. வான்ஸ் தன் ஓட்டைப் போட்டு 51-50 என்று நிறைவேற்றினார். ஜூலை 3 அன்று பிரதிநிதிகள் சபை 218-214 என்று இறுதி ஒப்புதல் தந்தது. மறுநாள் டிரம்ப் கையெழுத்திட்டார். 2027 ஜனவரி 1-க்குள் மாநிலங்கள் வேலை நிபந்தனையை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். ஆகவே ஜான்சன் சொன்ன காரணம் வெறும் சொல்லாக நின்றுவிடவில்லை, சட்டமாகிவிட்டது. அந்தக் காரணம் பொய் என்பதைத்தான் இங்கே காட்ட விரும்புகிறேன். அது பொய் என்று தெரிந்துகொள்ள வேண்டிய அத்தனை தகவலும் பேசும்போதே அவர் கையில் இருந்தது.

முதலில் பணக் கணக்கு. அமெரிக்க நாடாளுமன்றத்தின் கட்சி சாராத வரவுசெலவு அலுவலகம், இறுதிச் சட்டத்தின் வேலை நிபந்தனை ஒன்றினால் மட்டும் பத்தாண்டுகளில் ஏறத்தாழ 32,600 கோடி டாலர் மிச்சமாகும் என்றும், 2034-இல் கூடுதலாக 53 லட்சம் பேர் காப்பீடின்றி இருப்பார்கள் என்றும் மதிப்பிட்டது. சட்டம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் காப்பீடு இல்லாதவர்கள் ஒரு கோடிப் பேர் கூடுவார்கள். இந்த மிச்சம் எங்கிருந்து வருகிறது? மருந்து விலை குறைந்து வரவில்லை. மருத்துவமனைக் கட்டணம் இறங்கி வரவில்லை. காப்பீட்டில் இருக்கும் ஆட்கள் குறைவதால்தான் வருகிறது. எல்லோரும் 80 மணி நேர நிபந்தனையை நிறைவேற்றி, ஒருவரும் வெளியேறாவிட்டால் மிச்சமும் இல்லை. யாரும் இழக்கமாட்டார்கள் என்பது உண்மையானால் வரிச்சலுகைகளுக்கு ஈடாக அவர் காட்டிய அந்தப் பணம் இல்லை. பணம் உண்டு என்றால் ஆட்கள் இழக்கத்தான் போகிறார்கள். இரண்டையும் ஒரே வாயால் சொல்ல ஜான்சனுக்கு உரிமை கிடையாது.

அதற்கு அவரிடம் ஒரு பதில் இருக்கிறது. வெளியேறுகிறவர்கள் சோம்பேறிகள், அவர்கள் போகட்டும், அந்த மிச்சம் நியாயமான மிச்சம்தான் என்பார். அவர் வாதத்தின் உயிர்நாடி இதுதான். அப்படியானால் அவர்கள் யார் என்று பார்த்துவிடுவோம்.

மருத்துவக் கொள்கையை ஆராயும் கே.எஃப்.எஃப். அமைப்பு, மெடிக்கெய்டில் உள்ள 65 வயதுக்குட்பட்ட பெரியவர்களின் 2023-ஆம் ஆண்டுத் தரவை அலசியது. ஊனத்துக்கான உதவித்தொகை பெறுபவர்களை நீக்கிவிட்டுப் பார்த்தாலும், 64 சதவீதம் பேர் ஏற்கெனவே முழுநேரமோ பகுதிநேரமோ வேலையில் இருக்கிறார்கள். வீட்டில் நோயாளியையோ குழந்தையையோ பார்த்துக்கொள்பவர்கள், தாமே நோயில் விழுந்தவர்கள், படிப்பவர்கள் ஆகியோரையும் சேர்த்தால் 92 சதவீதம். மிச்சமிருக்கும் எட்டில் ஓய்வு பெற்றவர்களும் உண்டு, தேடியும் வேலை கிடைக்காதவர்களும் உண்டு. ஜான்சன் காட்டும் வீடியோ கேம் இளைஞனுக்கு அந்த எட்டிலும் ஒரு மூலைதான் கிடைக்கும். அந்த மூலையைக் காட்டி மற்ற 92 பேரையும் காகிதம் நீட்டி நிற்க வைப்பதைச் சீர்திருத்தம் என்கிறார்.

உழைப்பின் கௌரவம் பற்றிப் பேசும் ஜான்சனின் சொந்த மாநிலம் லூசியானா. அங்கே மாநிலத்துக்கென்று குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கிடையாது. கூட்டாட்சி அரசின் மணிக்கு 7.25 டாலர்தான், 2009-இலிருந்து மாறாத அதே 7.25 டாலர். வாரம் 40 மணி நேரம், ஒரு வாரம்கூட விடாமல் ஆண்டு முழுக்க உழைத்தால் கிடைப்பது 15,080 டாலர். தனிநபருக்கு அரசு வகுத்த 2025-ஆம் ஆண்டு வறுமைக்கோடு 15,650 டாலர். அதாவது முழுநேரம் உழைத்தும் வறுமைக்கோட்டைத் தாண்ட முடியாதபடி ஒரு கூலியை வைத்துக்கொண்டு, அந்தத் தொழிலாளியிடமே நீ உழைக்கிறாயா என்று சான்று கேட்கிறார்கள். இவர்கள் மெடிக்கெய்டில் இருப்பது சோம்பலால் அல்ல, வாங்கும் கூலியால். ஜான்சன் சபாநாயகர் ஆனது 2023 அக்டோபரில். அதற்குப் பிறகும் அந்தக் கூலி ஒரு சென்ட்கூட உயரவில்லை.

சரி, வேலையில் இருப்பவர்களுக்கு என்ன பயம், வேலை செய்வதைக் காட்டிவிட்டால் போயிற்று என்று அவர் ஆதரவாளர்கள் சொல்கிறார்கள். கேட்க நியாயமாகத் தெரியும் வாதம். இதற்கு ஆர்க்கன்சா மாநிலம் பதில் சொல்லிவிட்டது, அதுவும் 2018-இலேயே.

அந்த ஆண்டு ஜூன் மாதம் ஆர்க்கன்சாவில் இதே நிபந்தனை தொடங்கியது. முதலில் 30 முதல் 49 வயது வரை உள்ளவர்கள். இதே 80 மணி நேரம். மணிக்கணக்கை மாதாமாதம் இணையதளத்தில்தான் பதிவு செய்ய வேண்டும். ஏழைக் கிராமங்களில் இணைய இணைப்பே அரிதாக இருந்த மாநிலம் அது. அந்த இணையதளமும் இரவு ஒன்பது மணிக்கு மூடிக் காலை ஏழு மணிக்குத்தான் திறக்கும். உணவகத்தில் இரவு ஷிஃப்ட் முடித்து வருபவர் வீட்டுக்கு வரும்போது அது மூடியிருக்கும். தொலைபேசியில் சொல்லலாம் என்ற வசதி வருவதற்குள் டிசம்பர் ஆகிவிட்டது. மூன்று மாதம் தவறினால் அந்த ஆண்டு முடியும்வரை காப்பீடு இல்லை. ஹார்வர்டில் பெஞ்சமின் சோமர்ஸ் குழு எடுத்த ஆய்வில், நிபந்தனைக்கு உட்பட்டவர்களில் மூன்றில் ஒருவர் அப்படி ஒரு விதி இருப்பதையே கேள்விப்பட்டிருக்கவில்லை.

முடிவு என்ன? 18,000-க்கும் மேற்பட்டோர் அந்த ஆண்டே காப்பீட்டை இழந்தார்கள். நிபந்தனைக்கு உட்பட்டவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர். சோமர்ஸ் குழுவின் ஆய்வு 2019-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானது. அதில் ஜான்சனின் வாதத்துக்கு நேர் எதிரான இரண்டு கண்டுபிடிப்புகள் இருக்கின்றன. அந்த வயதினரிடையே வேலைவாய்ப்பு கூடவில்லை. அடுத்தது இன்னும் கடுமையானது: நிபந்தனைக்கு உட்பட்டவர்களில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே அதை நிறைவேற்றிக்கொண்டிருந்தவர்கள் அல்லது விலக்குக்கு உரியவர்கள். உழைக்காததால் அவர்கள் நீக்கப்படவில்லை. உழைத்ததைப் பதிவு செய்ய முடியாததால் நீக்கப்பட்டார்கள். காப்பீட்டை இழந்தவர்களிடம் பிறகு பேசியபோது, பாதிப் பேர் மருத்துவக் கடனில் சிக்கியிருந்தார்கள். 64 சதவீதம் பேர் காசில்லாமல் மருந்து வாங்குவதைத் தள்ளிப்போட்டிருந்தார்கள். இரத்த அழுத்த மாத்திரையையும் இன்சுலினையும் தள்ளிப்போட்டால் உடம்பு எந்த நிலைக்குப் போகும் என்பதை எந்த வீட்டிலும் விளக்கத் தேவையில்லை. இவர்கள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஜான்சன் சொல்ல வேண்டும்.

2019 மார்ச்சில் கூட்டாட்சி நீதிபதி ஜேம்ஸ் போஸ்பர்க் ஆர்க்கன்சா திட்டத்தை நிறுத்தினார். மேல்முறையீட்டில் 2020 பிப்ரவரியில் மூன்று நீதிபதிகளும் ஒருமனதாக அதை உறுதி செய்தார்கள். அந்தத் தீர்ப்பை எழுதியவர் டேவிட் சென்டெல். ரொனால்ட் ரீகன் நியமித்த, பழமைவாதி என்று எல்லோரும் அறிந்த நீதிபதி. மெடிக்கெய்டின் தலையாய நோக்கம் மக்களுக்கு மருத்துவக் காப்பீடு தருவது, திட்டத்துக்கு அனுமதி கொடுத்த கூட்டாட்சிச் சுகாதாரத் துறைச் செயலர் எத்தனை பேர் அதை இழப்பார்கள் என்பதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். இதை இடதுசாரிகளின் கூச்சல் என்று ஜான்சனால் தள்ள முடியாது. அவர் அரசியல் சட்ட வழக்குகளை நடத்திய வழக்கறிஞர். சென்டெலின் தீர்ப்பைப் படித்தறிய அவருக்கு யாரும் உதவ வேண்டியதில்லை. நீதிமன்றம் தடுத்ததை அவர் படித்துத் திருந்தவில்லை. தடை இனி எழாதபடி சட்டத்தையே மாற்றினார்.

நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்தில் 2019-இல் இதே முயற்சி நடந்தது. ஏறத்தாழ 17,000 பேர் காப்பீட்டை இழந்துவிடுவார்கள் என்று தெரிந்ததும் குடியரசுக் கட்சி ஆளுநர் கிறிஸ் சுனுனுவின் அரசே அதை நிறுத்திவைத்தது. ஜார்ஜியாவில் 2023 ஜூலையில் வேலை நிபந்தனையோடு ஒரு திட்டம் வந்தது. முதல் ஆண்டில் 25,000 பேர் சேர்வார்கள் என்றார்கள். சேர்ந்தவர்கள் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. திட்டத்தின் நிர்வாகத்துக்குச் செலவான தொகை மருத்துவத்துக்குச் செலவானதைப் போல இரண்டு மடங்கு என்று கூட்டாட்சித் தணிக்கை அலுவலகம் 2025-இல் சொன்னது. மணிக்கணக்கைச் சரிபார்க்கும் மென்பொருளுக்கும் ஆலோசனை நிறுவனங்களுக்கும் போன பணம் அது. வரிப்பணம் வீணாகிறது என்று ஜான்சன் அடிக்கடி கவலைப்படுகிறார். அந்தக் கவலைக்குச் சரியான இடம் ஜார்ஜியாதான். அதையே அவர் நாடு முழுக்க விரித்திருக்கிறார்.

அவர் தரப்பில் ஓரளவு கனமான வாதம் ஒன்று உண்டு, அதைத் தாண்டிப்போவது முறையல்ல. 1996-இல் அதிபர் பில் கிளிண்டன் கையெழுத்திட்ட நலத்திட்டச் சீர்திருத்தம் பண உதவிக்கு வேலை நிபந்தனை வைத்தது, பல தாய்மார்கள் வேலைக்குப் போனார்கள் என்பார்கள். போனது உண்மை. அதில் எவ்வளவு சட்டத்தால், எவ்வளவு அன்றைய பொருளாதார வளர்ச்சியால் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை, அதை விட்டுவிடுகிறேன். ஆனால் அதே 1996 சட்டம் மெடிக்கெய்டைப் பண உதவியிலிருந்து பிரித்து வைத்தது. அதுவரை பண உதவி கிடைத்தால் மெடிக்கெய்டும் தானாகக் கிடைக்கும். பண உதவியை இழக்கும் குடும்பம் மருத்துவத்தையும் சேர்த்து இழந்துவிடக் கூடாது என்று அந்த இணைப்பை அறுத்தார்கள். அன்று சபாநாயகர் நாற்காலியில் இருந்தவர் நியூட் கிங்ரிச். கையில் காசு கொடுப்பதும் புற்றுநோய்க்கு மருந்து கொடுப்பதும் ஒன்றல்ல என்று கிங்ரிச்சின் சபைக்கே தெரிந்திருந்தது. காப்பீட்டு அட்டையை விற்று யாரும் சோறு வாங்க முடியாது, வாடகை கட்ட முடியாது. உடம்பு கெட்டால்தான் அதற்கு மதிப்பு. அதை வைத்துக்கொண்டு சும்மா இருக்கலாம் என்று எவனும் வேலையை விடமாட்டான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சட்டவிரோதமாகக் குடியேறிய 14 லட்சம் பேர் மெடிக்கெய்டில் இருக்கிறார்கள், அவர்களைத்தான் நீக்குகிறோம் என்றும் ஜான்சன் சொன்னார். அந்த எண் வரவுசெலவு அலுவலகத்தின் மதிப்பீட்டில் உள்ளதுதான். ஆனால் அது சில மாநிலங்கள் தம் சொந்தப் பணத்தில் நடத்தும் திட்டங்களில் உள்ளவர்களைக் குறிப்பது. ஆவணமற்றவர்கள் கூட்டாட்சி மெடிக்கெய்டில் சேர முன்பே சட்டம் இடம் தரவில்லை, அவசர சிகிச்சைக்கு மட்டும் விலக்கு. ஓர் எண்ணை அதன் இடத்திலிருந்து பிடுங்கி வேறிடத்தில் நட்டு ஜனங்களின் கோபத்தைக் கிளப்பிவிட்டார். ஒரு சபாநாயகர் செய்யக்கூடிய காரியமா இது?

இனி அந்த அறம். சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. வேலை நிபந்தனையை நிரூபிக்காததால் மெடிக்கெய்ட் மறுக்கப்பட்டவர், ஒபாமாகேர் சந்தையில் தனியார் காப்பீடு வாங்கப்போனால் அரசு தரும் மானியமும் அவருக்குக் கிடையாது. ஆண்டுக்குச் சில ஆயிரம் டாலர் வருமானத்தில் இருப்பவர் மானியமின்றி எந்தக் காப்பீட்டை வாங்குவார்? ஆக இது ஒரு கதவை மட்டும் மூடவில்லை, பக்கத்துக் கதவையும் தேடிப்போய்ப் பூட்டியிருக்கிறது. வேலைக்குத் தூண்டுவது மட்டுமே நோக்கமாக இருந்தால் இந்தப் பிரிவுக்கு அங்கே என்ன வேலை? ஜான்சன் அறம் என்று சொன்னபோது இந்தப் பிரிவைப் பற்றி ஏன் வாய் திறக்கவில்லை?

நோயாளிக்கு மருந்து கொடுத்தால்தான் அவர் வேலைக்குப் போக முடியும். சர்க்கரை நோயும் மனச்சோர்வும் முதுகுவலியும் மருத்துவர் கண்ணில் பட்டால்தான் சான்றிதழாகும், சான்றிதழ் இருந்தால்தான் விலக்கு கிடைக்கும். காப்பீடு இல்லாதவர் எந்த மருத்துவரிடம் போய் அந்தச் சான்றிதழை வாங்குவார்? இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகுதியை மறுபடி சோதிக்கவும் சட்டம் சொல்கிறது. நோயோடு மல்லுக்கட்டுகிறவர் காகிதத்தோடும் மல்லுக்கட்ட வேண்டும், ஆண்டுக்கு இரண்டு முறை.

அறத்தின் மறுபக்கத்தையும் வரவுசெலவு அலுவலகமே கணக்கிட்டிருக்கிறது. இந்தச் சட்டத்தால் அமெரிக்காவின் அடித்தட்டுப் பத்து சதவீதக் குடும்பங்கள் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,200 டாலர் இழக்கும். மேல்தட்டுப் பத்து சதவீதம் ஏறத்தாழ 13,600 டாலர் பெறும். மேல்தட்டில் இருப்பவர்களிடம் யாரும் 80 மணி நேரச் சான்று கேட்கவில்லை. சபை உறுப்பினர்களிடமும் கேட்கவில்லை. 2025 செப்டம்பர் 19-க்குப் பிறகு நவம்பர் 12 வரை ஜான்சன் தன் சபையை ஓட்டெடுப்புக்குக் கூட்டவே இல்லை. அக்டோபர் 1-இலிருந்து 43 நாள் அரசு முடங்கிக்கிடந்து, ஊழியர்கள் சம்பளமின்றித் தவித்த காலம் அது. சபை உறுப்பினர்களின் சம்பளம் நிற்கவில்லை. மாதம் 79 மணி நேரம் உழைத்த கடைப் பணியாளரின் இன்சுலினை நிறுத்தலாம் என்று விதி வகுத்தவருக்கு இதை நினைவூட்டாமல் விட முடியாது.

லூசியானாவுக்கே திரும்புகிறேன், ஏனென்றால் இந்த வாதத்தால் அதிகம் அடிபடப்போவது அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள்தான். அங்கே ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மெடிக்கெய்டில் இருக்கிறார். 2016-இல் ஆளுநர் ஜான் பெல் எட்வர்ட்ஸ் திட்டத்தை விரிவாக்கிய பிறகு, மாநிலத்தில் காப்பீடு இல்லாத பெரியவர்களின் விகிதம் சில ஆண்டுகளிலேயே பாதிக்கும் கீழே இறங்கியது. அந்த விரிவாக்கத்தில் சேர்ந்தவர்கள்தான் இப்போது சான்று காட்ட வேண்டியவர்கள். ஷ்ரீவ்போர்ட்டைச் சுற்றியுள்ள அவர் தொகுதியில் உணவகங்களிலும், முதியோரைப் பராமரிக்கும் வேலையிலும், மர ஆலைகளிலும் நேரம் நிச்சயமில்லாமல் உழைப்பவர்கள் அவர்கள். ஒரு மாதம் 100 மணி நேரம் கிடைக்கும், மறுமாதம் முதலாளி 60 தான் கொடுப்பார். நேரத்தை முடிவு செய்வது தொழிலாளி அல்ல. தண்டனை மட்டும் தொழிலாளிக்கு.

அவருடைய குடியரசுக் கட்சியில் எல்லோரும் இதற்கு உடன்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வட கரோலினா செனட்டர் தாம் டில்லிஸ், தன் மாநிலத்தில் மெடிக்கெய்டை இழக்கப்போகும் 6,63,000 பேரிடம் என்ன சொல்வேன் என்று செனட்டிலேயே கேட்டார், மசோதாவை எதிர்த்து ஓட்டளித்தார். மறுதேர்தலில் நிற்கப்போவதில்லை என்றும் அறிவித்தார். டில்லிஸும் பழமைவாதிதான். கணக்கைப் படித்தார், படித்ததை மறைக்கவில்லை.

ஜான்சனிடமும் அந்த நேர்மையைத்தான் கேட்கிறேன். வரிச்சலுகைக்குப் பணம் வேண்டும், அதற்காக 53 லட்சம் ஏழைகளின் மருத்துவக் காப்பீட்டை எடுக்கிறோம் என்று அவர் வெளிப்படையாகச் சொல்லட்டும். அமெரிக்க வாக்காளர்கள் அதைக் கேட்டு முடிவு செய்யட்டும். அதைச் சொல்லத் துணிவில்லாமல், இழக்கிறவர்கள் விரும்பி இழக்கிறார்கள் என்று அவர்கள் மேலேயே பழியைப் போட்டிருக்கிறார். ஆர்க்கன்சாவில் 18,000 பேருக்கு நடந்தது தெரிந்தும் அவர் சொன்ன பொய் அது.